கூலியும் பேரும்

ஆங்கிலத்துக்குத் தமிழ் வழங்கிய சொற்கள் எவை என்று வகுப்பறையில் கேட்டால் மாணவர்கள் உடனே விரல் மடக்கத் தொடங்குவார்கள். கட்டுமரம் என்பான் ஒருவன். மிளகுத் தண்ணீர் என்பாள் ஒருத்தி. சுருட்டு என்று பின்வரிசையிலிருந்து சிரிப்போடு ஒரு குரல் வரும். சென்ற இரு வாரங்களாக இத்தொடரில் இவற்றைப் பற்றித்தான் பேசினோம். ஆனால் இத்தகைய பட்டியல்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஒரு சொல் உண்டு. கட்டுமரத்தைவிடவும் மிளகுத் தண்ணீரைவிடவும் அதிக தூரம் பயணம் செய்த சொல் அது. தென்னாபிரிக்காவிலும் பிஜித் தீவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் மலாயாவிலும் நமது கண்டிச் சீமையிலும் ஆங்கிலேயர் நாவில் நாள்தோறும் புரண்ட சொல். அதுதான் ‘கூலி’.

வெளியூர் போய்ப் பொருள் தேடித் திரும்பும் உறவினரை வாசல்வரை சென்று வரவேற்கிறோம். போன இடத்தில் அடிபட்டு உருக்குலைந்து வந்தவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சொற்களிடத்திலும் நாம் இப்படித்தான் நடந்துகொள்கிறோம் போலும். இந்த வாரம் அந்த அடிபட்ட சொல்லைத் திண்ணையில் உட்கார்த்தி அதன் கதையைக் கேட்போம்.

முதலில் அதன் பிறப்புப் பற்றிய வழக்கு. ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் ஆகிய இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன்–ஜொப்சன்’ என்னும் பெயர்பெற்ற அகராதி, மேற்கிந்தியாவில் வாழும் ‘கோலி’ என்ற சமூகத்தாரின் பெயரிலிருந்தே ஆங்கிலச் சொல் வந்தது என்ற பக்கம் சாய்கிறது. அதற்கு முன், 1855இல் நீதி, வருவாய்த் துறைச் சொற்களுக்கு அகராதி செய்த எச். எச். வில்சன் என்பார் தென்னாட்டுக் ‘கூலி’யையே மூலமாகக் கொண்டார். யூலும் பர்னலும் அவர் கருத்தையும் மறைக்காமல் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வழக்கில் நான் எந்தப் பக்கமும் கட்சி கட்டப் போவதில்லை. ஒலி குஜராத்திலிருந்தே போயிருக்கட்டும். பணம் வாங்கி உழைப்பவன் என்ற பொருள் அதற்குத் தென்னாட்டில்தான் ஏறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு ஆறுகள் கலந்த பிறகு எந்தத் துளி எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்பதில் பயனில்லை. சீனர் இச்சொல்லைத் தம் எழுத்தில் எழுத வேண்டி வந்தபோது ஒலிக்குப் பொருந்தும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றின் பொருள் கசப்பு. மற்றதன் பொருள் வலிமை. கூலி வேலை செய்தறியாத எந்த அகராதிக்காரரும் இதைவிடச் சிறந்த விளக்கம் எழுதியதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழில் கூலி என்பது ஆள் அன்று. உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் பொருள். இதை விளக்க நிகண்டுகளைப் புரட்ட வேண்டியதில்லை. கண்டி நகரத்து நகைக்கடைக்குப் போனால் தங்கத்தின் விலையோடு செய்கூலி என்று ஒரு தொகை சேர்ப்பார்கள். மிளகாய் அரைக்கக் கொடுத்தால் அரைவைக்கூலி. லொறியில் சாமான் வந்தால் ஏற்றுகூலி, இறக்குகூலி. வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையைக் குடிக்கூலி என்று சொன்ன காலமும் இருந்தது. நம் அயலவரான சிங்கள மக்கள் இந்தச் சொல்லை நம்மைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கண்டி வீதிகளில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்று தொங்கும் பலகைகளின் சிங்கள வரியை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். முதற்சொல் ‘குலியட்ட’ என்றிருக்கும். அங்கே அது வீட்டுக்கும் வண்டிக்கும் கொடுக்கும் காசு. யாரையும் குத்தாத, சாதுவான சொல்.

கூலி ஒருவனுக்குச் சேரவேண்டியது என்ற எண்ணம் நம் இலக்கியத்தில் ஆழ வேரோடியது. திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தின் ஒன்பதாவது குறள், அதாவது 619ஆவது குறள், எல்லோருக்கும் தெரிந்ததே. ஊழ் கைகொடாது போனாலும் ஒருவன் உடல் வருந்தி முயன்ற முயற்சி, அந்த வருத்தத்துக்குரிய கூலியைக் கொடுத்தே தீரும் என்பது அதன் கருத்து. இங்கே கூலி கொடுப்பவர் யார் என்று கவனிக்க வேண்டும். அரசனில்லை, முதலாளியில்லை, தெய்வத்தைக்கூட ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, முயற்சியே கூலி கொடுக்கும் என்கிறார் வள்ளுவர். வரமும் தானமும் பெறுபவன் குனிய வேண்டும். கூலி பெறுபவன் குனிய வேண்டியதில்லை. அவன் முன்கூட்டியே தன் உடம்பால் விலை கொடுத்துவிட்டான்.

இந்தக் குறளைப் பத்தாம் தரத்தில் ஒவ்வோர் ஆண்டும் படிப்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ‘கூலி’ என்ற சொல் வரும்போது வகுப்பில் ஒரு சிறு சலசலப்பு உண்டாகும். நகரத்துப் பிள்ளைகள் சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் குனிந்து புத்தகத்தைப் பார்ப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி நேராகவே கேட்டுவிட்டாள்: “சேர், கூலின்னா கெட்ட வார்த்தையா?” திருவள்ளுவர் கெட்ட வார்த்தை எழுதுவாரா என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த குறளுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அன்றைய பாடவேளை முழுவதும் அந்த ஒரு சொல்லிலேயே கழிந்தது. இன்று உங்களிடம் சொல்வது பெரும்பாலும் அன்று அவளுக்குச் சொன்னதுதான்.

அவளுக்கு முதலில் வந்தியின் கதையைச் சொன்னேன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் கதை. வையை கரையை உடைத்துப் பெருகுகிறது. அரிமர்த்தன பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுக்கிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆளும் இல்லை, ஆளை அமர்த்தப் பணமும் இல்லை. அப்போது மதுரைத் தெருவில், கூலி தந்தால் வேலை செய்வேன் என்று கூவிக்கொண்டு ஓர் இளைஞன் வருகிறான். அவன் சோமசுந்தரக் கடவுள் என்பதை நாம் அறிவோம், கிழவி அறியாள். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசி முடிகிறது. பசிக்கிறது என்று சொல்லி முன்கூட்டியே பிட்டை வாங்கித் தின்றுவிட்டு அவன் ஆடுகிறான், பாடுகிறான், மண்ணைத் தலையணையாக்கி உறங்குகிறான். பாண்டியன் பிரம்பால் அடித்தபோது அந்த அடி அரசன் முதுகிலும் விழுந்தது, அனைத்துயிர் மீதும் விழுந்தது என்கிறது புராணம். ஆவணி மூலத்தில் இன்றும் பிட்டுத் திருவிழா நடக்கிறது.

கைலாயநாதன் ஏற்ற வேடங்கள் பல. வேடனாக வந்தார், வளையல் விற்றார், விறகு சுமந்தார். கூலியாளாகவும் வந்தார். இதில் இழிவு இருந்தால் புராணம் பாடிய புலவர் இதை ஒளித்திருப்பார். ஒளிக்கவில்லை; ஒரு படலமாகவே பாடினார்.

அதற்காகத் தமிழுலகம் கூலியாளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று நான் சொல்ல வரவில்லை. ‘கூலிக்கு மாரடிப்பது’ என்று மனமில்லாத வேலையை ஏளனம் செய்த வழக்கு நம்முடையதே. கூலிப்படை என்ற சொல்லில் உள்ள வெறுப்பும் நம்முடையதே. பண்ணைகளில் கூலியாள் நின்ற இடமும் உண்ட கலமும் வேறாக இருந்தன. ஆனாலும் ஒரு வரம்பு இருந்தது. உழைக்கும் மனிதனைக் குறிக்க வேண்டுமானால் கூலியாள் என்றோ கூலிக்காரன் என்றோ சொல்ல வேண்டும். கூலி என்ற சொல்லுக்குப் பின்னே ஓர் ஆள் ஒட்டாமல் அது மனிதனைக் குறிக்காது.

ஆங்கிலம் செய்தது இந்த ஆளை வெட்டியதுதான். சம்பளத்தின் பெயரை எடுத்துச் சம்பளம் வாங்குபவனுக்குச் சூட்டிவிட்டது. இலக்கணம் படித்தவர்கள் இதை ஆகுபெயர் என்பார்கள். ஒன்றன் இயற்பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவது. வெற்றிலை நட்டான் என்று சொல்லக் கொடியை உணர்வதுபோல, கூலி என்று சொல்ல மனிதனை உணர வேண்டும். ஆனால் நன்னூலார் காட்டும் ஆகுபெயர்கள் யாரையும் காயப்படுத்துவதில்லை. இந்த ஆகுபெயர் காயப்படுத்தியது. ஒருவன் தகப்பனாக, கூத்தாடியாக, பூசாரியாக, நல்ல பாட்டுக்காரனாக இருக்கலாம். அவனது கூலி மட்டும் கண்ணுக்குத் தெரிந்து மற்ற எல்லாம் மறைந்துபோனதால்தான் அந்தப் பெயர் ஒட்டியது.

தென்னாபிரிக்காவில் இது எந்த அளவுக்குப் போனது என்பதைக் காந்தியடிகள் தமது ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர் டர்பன் போய் இறங்கினார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் பிறகு கப்பலேறிப் போன வணிகருக்கும் வந்தது, எழுத்தருக்கும் வந்தது. 1893இல் போன காந்தி ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். வேறு சிலர் இந்தியர் எல்லோரையும் ‘சாமி’ என்று அழைத்தார்களாம். ராமசாமி, முனுசாமி, கந்தசாமி என்று தமிழர் பெயர்கள் முடிவதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். சாமி என்றால் என்ன பொருள் தெரியுமா, எசமான் என்று பொருள், என்னை எசமானே என்று அழைக்கிறீர்களா என்று துணிந்த இந்தியர் சிலர் திருப்பிக் கேட்டதையும் காந்தி குறிப்பிடுகிறார். பாவம், ‘கூலி’க்கு அப்படித் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. இன்றும் அந்நாட்டில் அது வாயெடுத்துச் சொல்லக்கூடாத வசை.

இனி நம்முடைய மலைக்கு வருவோம். கண்டியைச் சுற்றிய காடுகளில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது 1820களில். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் தோட்டம் திறந்தார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிர்க்கரையில் கன்னொறுவையில் திறந்தார். 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். ஹந்தானையிலுள்ள தேயிலை அரும்பொருட்சாலைக்குப் போனால் அந்தக் காலத்து இயந்திரங்களையெல்லாம் பார்க்கலாம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, மாத்தளை ஏறி, கண்டிக்கு வந்து சேர்ந்த நம் முன்னோரைக் காட்ட இயந்திரம் கிடையாது. அவர்களை ஆவணங்களில்தான் தேட வேண்டும். அங்கே அவர்கள் ‘கூலிகள்’.

வீடு ‘கூலி லயன்’. துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கவென்று அச்சான புத்தகங்களிலும் அந்தச் சொல் ஏறியது. கொழும்பில் வெளிவந்த ஒரு கையடக்கப் புத்தகத்தின் பெயர் ‘இங்கே வா!’. சின்னத்துரைக்கான தமிழ் வழிகாட்டி அது. வாருங்கள் என்பதில்லை, வா என்பதுதான். ஒரு மொழியின் வாசலில் நுழைபவன் முதலில் ஏவல் வினையோடு நுழைகிறான். பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு புத்தகம் வந்தது. அதன் பெயர் ‘கூலித் தமிழ்’. சங்கத் தமிழ் கேள்விப்பட்டிருக்கிறோம், இசைத்தமிழ் நாடகத்தமிழ் கேள்விப்பட்டிருக்கிறோம். தமிழுக்கு இப்படியும் ஓர் அடைமொழி கிடைத்ததைத் தமிழ் வரலாறு எழுதுவோர் குறிப்பதில்லை. ஆளுக்கு வைத்த பெயர் ஆளின் வாய்மொழிக்கும் பரவிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப்போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. வந்தியின் கூலியாளுக்கும் நம்மவர்க்கும் இருந்த வேறுபாட்டை இங்கேதான் பார்க்க வேண்டும். சொக்கநாதரும் முன்பணம் வாங்கினார். பிட்டைத் தின்ற பிறகு சாவகாசமாக உறங்கினார். இங்கே கங்காணி கொடுத்த முன்பணம், பயணச் செலவு, வழியில் தின்ற சோறு, போர்த்திய கம்பளி எல்லாம் கடனாக எழுதப்பட்டன. கூலி வாங்கும் முன்பே கூலி செலவழிந்திருந்தது. இந்தத் தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதானால் இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. 1901 முதல் இந்தியாவிலிருந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும் போகவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு ஒன்றும் கொடுக்கப்பட்டது. பெயரைச் சொல்லி ஊரைக் கேட்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள், தகரத்தைக் காட்டித் தோட்டத்தைச் சேர்ந்தார்கள்.

வாசக அன்பர்களே, இதுவரை சொன்னது பாதிக் கதை. சொல்லாராய்ச்சியில் என்னை மிகவும் வியக்க வைத்தது மற்றப் பாதிதான். மேலே இருந்தவர்கள் கூலியின் பெயரை மனிதனுக்கு வைத்தார்கள் என்றேன். கீழே இருந்த நம் மக்கள் என்ன செய்தார்கள்? மனிதனின் பெயரைக் கூலிக்கு வைத்தார்கள்.

தோட்டப் புறத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லாமலே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு, அந்த வேலைக்குரிய சம்பளத்துக்கு, ‘பேர்’ என்று பெயர். “இந்த மாசம் எத்தனை பேர்?” என்று ஒருத்தி கேட்டால் எத்தனை ஆட்கள் என்று கேட்கவில்லை, எத்தனை நாட் சம்பளம் உனக்கு விழுந்திருக்கிறது என்று கேட்கிறாள். “இருபத்திரண்டு பேர்” என்பாள் மற்றவள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். முழு நாளும் நின்று நிறையும் காட்டினால் முழுப்பேர். ஞாயிற்றுக்கிழமையில் கிலோவுக்கு இவ்வளவு என்று எடுத்தால் அது பேராகாது, கைக்காசு. தோட்டத்து ஆங்கிலத்திலும் இதை அப்படியே மொழிபெயர்த்து ‘நேம்’ என்றும் ‘ஹாஃப் நேம்’ என்றும் எழுதினார்கள். லண்டனில் ஆங்கிலம் படித்தவருக்கு அரைப் பெயர் என்பது விளங்காது. இங்கே அது விளங்காத துரை இருந்ததில்லை.

என் தாயார் கொழுந்து பறித்தவர். மாலையில் கூடையை இறக்கிவிட்டு, “இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க” என்று அவர் சொன்ன நாட்களில் அடுப்படியில் பேச்சுக் குறைந்துவிடும். ஒரு பெயரை எப்படி அரையாக வெட்டுவது என்று சிறுவயதில் நான் நினைத்துக்கொண்டிருப்பேன். அம்மாவின் பெயரில் எந்தப் பாதியை எழுதினார்கள், எந்தப் பாதியை விட்டார்கள்? மழையில் நனைந்த கொழுந்து என்று சொல்லி நிறையில் தண்ணீருக்காகக் கழித்த கிலோக்களைப் பற்றி அவர் நெடுநேரம் பேசுவார். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். பேராதனையில் தமிழ் படிக்கப் போன பிறகுதான் இந்தச் சொல் எப்படி நடந்துவந்திருக்கும் என்று யோசிக்க முடிந்தது.

என் ஊகம் இது. தமிழில் பேர் என்பது பெயரின் பேச்சுவடிவம். அதே சொல்லால் ஆட்களை எண்ணவும் செய்கிறோம். பத்துப் பேர் வந்தார்கள் என்கிறோம். விடியற்காலையில் கொம்பு ஊதும் அல்லது தப்பு அடிக்கும். ஆட்கள் பிரட்டுக் களத்தில் கூடுவார்கள். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் பிரட்டு ஆனது. அங்கே கணக்கப்பிள்ளை செக்ரோலை விரித்துப் பெயரைக் கூப்பிடுவார். பெயர் பதிவானால் அன்று வேலை உண்டு. வேலை உண்டானால் காசு உண்டு. ஆகவே பேர் போடுதல் என்பது முதலில் பெயர் எழுதுதல், பிறகு நாளை எழுதுதல், பிறகு கூலியை எழுதுதல் என்று ஆயிற்று. பெரிய கங்காணிக்கும் தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் தலைக்குச் சில சதம் கிடைத்தது. எனவே மேலிருந்து கீழ்வரை எல்லோரும் எண்ணியது பேரைத்தான். இதுவும் ஆகுபெயர்தான். ஆனால் ஆங்கிலேயர் செய்ததற்கு நேர்மாறான ஆகுபெயர்.

துரை கூப்பிட்டபோது அவன் கூலி. மாதக் கடைசியில் காசை எண்ணியபோது அது அவனுடைய பேர். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. மொழியை யாரும் கூட்டம் போட்டு மாற்றுவதில்லை. என்றாலும், கடனிலும் தகரத்திலும் துண்டிலும் மறைந்துபோன பெயரைத் தங்கள் ஒரு நாள் உழைப்பின் மீது எழுதிவைத்தவர்கள் என்றே அவர்களை நான் எண்ணிக்கொள்கிறேன்.

எல்லாப் பேரும் ஒரே விலைக்குப் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண் பேர் வேறு, பெண் பேர் வேறு. அதே மலை, அதே மழை, பெரும்பாலும் அதிகமான மணித்தியாலங்கள். ஆனாலும் பெண்ணின் பேருக்குக் குறைந்த காசு. 1984இல்தான் இரண்டும் சமமாயின. தோட்டங்கள் திறந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பிறகு.

‘கூலி’ என்ற பெயரைத் துடைக்கும் வேலையைத் தொழிற்சங்கங்கள் தொடங்கின. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர், துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்தவர் என்று சொல்வார்கள். அவர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென முதற் சங்கத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுகள் எழுதிக் கூட்டங்களில் பாடினார். அவர்கள் காலத்திலிருந்து மேடையிலும் துண்டுப் பிரசுரத்திலும் ‘தொழிலாளி’ என்ற சொல் ஓங்கி ஒலிக்கத் தொடங்கியது. தொழில் என்பதோடு ஆளி என்னும் விகுதி சேர்ந்த சொல். தொழிலை ஆள்பவன் என்று விரிக்கலாம். வெட்டி எறியப்பட்ட ஆள் இங்கே ஆளியாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டதைப் பாருங்கள். ஆங்கிலப் பத்திரங்களிலும் கூலி மறைந்து ‘லேபரர்’ வந்தது. நம் சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட நூலுக்கு, உழைக்கவே பிறந்தவர்கள் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அந்தத் தலைப்பில் பெருமை எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இரண்டும் சமமாகத்தான் இருக்கும்.

சொல் மாறியதால் எல்லாம் மாறிவிடவில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்கு இரையானார். டெய்லர் முதலில் தேயிலை நட்ட அதே மலைப்பகுதி. எட்டு ஆண்டுகள் கழித்து 1948இன் குடியுரிமைச் சட்டம் தொழிலாளி என்ற சொல்லின் முன்னே ‘நாடற்ற’ என்ற அடைமொழியைச் சேர்த்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். கவனியுங்கள், இங்கேயும் பேர்தான். இந்தப் பேரில் பெயரும் இல்லை, கூலியும் இல்லை, வெறும் எண்ணிக்கை. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்குச் சட்டம் வழிவிட 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையில் ஒன்று. சம்பளம் என்ற சொல்லை நெல்லும் உப்புமாகப் பிரித்து விளக்குவது மேடைப் பேச்சாளர்களுக்கு மிகப் பிடித்தமானது. ஆங்கிலச் ‘சலரி’யும் உப்பிலிருந்து வந்ததுதானே என்று அதோடு சேர்ப்பார்கள். கைதட்டலும் கிடைக்கும். எனக்கோ வடமொழியில் வழியுணவைக் குறிக்கும் ‘சம்பல’ என்ற சொல்லோடு அதை இணைப்பதே பொருத்தமாகப் படுகிறது. தூரவழி போகிறவன் மூட்டையில் கட்டிக்கொண்ட சோறு. மன்னாரிலிருந்து நடந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இந்தப் பொருள் நன்றாகவே பொருந்தும்.

சொற்கள் ஊருக்கு ஊர் ஏறியும் இறங்கியும் போவதற்கு இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். தமிழ்நாட்டில் நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர். கொழும்புப் புறக்கோட்டையில் நாட்டாமை என்றால் மூட்டை சுமப்பவர். கடலைக் கடக்கும்போது சொம்பை இழந்து மூட்டையைப் பெற்றார். ‘கூலி’யின் கதை மறுவழியிலும் நடந்திருக்கிறது. இந்திய ரயில்வே 2016இல் நிலையங்களில் சுமை தூக்குவோரைக் கூலி என்று அழைக்காமல் ‘சகாயக்’, அதாவது உதவியாளர், என்று அழைக்க அறிவித்தது. அதே இந்தியாவில் 2025இல் ரஜினிகாந்த் நடித்த படத்துக்குப் பெயர் ‘கூலி’. கண்டியிலும் சுவரொட்டியைப் பார்த்து இளைஞர்கள் விசில் அடித்தார்கள். டர்பனில் வசை, திரையில் வீரம், ரயில் நிலையத்தில் விலக்கப்பட்ட சொல், நகைக்கடைச் சிட்டையில் சாதாரணக் கணக்கு. ஒரு சொல்லுக்கு இத்தனை வாழ்க்கை.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் நீண்டுவிட்டது என்று நினைக்கிறேன். மணி அடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. “அப்படின்னா பேர்தான் சேர் நல்ல வார்த்தை” என்றாள். பக்கத்திலிருந்தவள் உடனே, “எங்க தோட்டத்துல இப்பப் பேரே இல்லடி, எல்லாம் கிலோதான்” என்றாள்.

அவள் சொன்னதும் உண்மைதான். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் நடந்த போராட்டம் 2021இல் வர்த்தமானியில் முடிந்தது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆயிற்று. பேரின் விலை இப்படி உயர உயர, கம்பனிகள் பேர் கொடுக்கும் நாட்களைக் குறைத்து, எடுத்த கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறையைப் பல தோட்டங்களில் கொண்டுவந்திருக்கின்றன. சில மலைகளைப் பங்காகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே காலையில் பிரட்டுக் களத்தில் கூடுவதில்லை, பெயர் கூப்பிடுவதில்லை, மாலையில் தராசு மட்டும் இருக்கிறது. வயதானவர்கள் மட்டும் இன்னும் பழக்கதோஷத்தில், “இன்னைக்கு எத்தனை கிலோ பேர்?” என்று இரண்டையும் கலந்து கேட்கிறார்கள். நாளைய அகராதிக்காரர் இதற்கு என்ன பொருள் எழுதுவாரோ!

அடுத்த வாரம் ‘துண்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தோளில் கிடக்கும் துண்டுக்கும் துரை எழுதிக் கொடுத்த துண்டுக்கும் உள்ள உறவு பற்றிப் பழைய தோட்டத்து வழக்குகள் தெரிந்த நேயர்கள் எழுதி அனுப்பினால், அவற்றையும் சேர்த்துக்கொள்ள வசதியாக இருக்கும்.